எட்டு டிகிரிக்குள்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று ஊரில் பேர். வரத்தான் செய்யும். ஜெனரேட்டரோடு குடித்தனம் நடத்துகிறவனுக்குக் கோபம் வராமல் வேறு என்ன வரும்? சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் இருக்கும் மருந்துக் கிடங்கில் இரண்டு ஜெனரேட்டர்கள். இரண்டையும் பார்த்துக்கொள்வது சௌந்தரபாண்டியனாகிய என் வேலை. சின்னது பழுதாகித் திருநெல்வேலிக்குப் போயிருந்தது. ஆயுத பூஜை முடிந்த அந்த வாரத்தில் பெரியது ஒன்றுதான் கதி.

கிடங்கின் பின்கட்டில் குளிர் அறை இருக்கிறது. ஊசி மருந்தெல்லாம் அதற்குள்தான். உள்ளே இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறவும் கூடாது. எட்டைத் தாண்டிவிட்டால் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. ஆனாலும் மருந்தை நம்ப முடியாது, குப்பைக்குத்தான் போகும்.

என் மகள் சண்முகப்ரியா நாலாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குச் சர்க்கரை. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை, உடம்பில் இன்சுலினே சுரக்காத சர்க்கரை. ஊசி இல்லை என்றால் பிள்ளை இல்லை. சொல்லவே வாய் கூசுகிறது, ஆனால் அதுதான் நிஜம். அவள் போடுகிற இன்சுலின் கொஞ்ச நாளாக எங்கும் வரவில்லை. புளியங்குடி, சிவகிரி என்று கடை கடையாக அலைந்து பார்த்துவிட்டேன். வீட்டில் மிச்சம் இருந்தது இன்னும் ஓரிரு நாளைக்குத்தான் காணும். அந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம்தான் கிடங்குக்கு ஒரே ஒரு அட்டைப் பெட்டி வந்து சேர்ந்தது. “வந்துட்டு அண்ணாச்சி!” என்று பெனிட்டா ஓடி வந்து சொன்னபோது, அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. கணக்கில் ஏற்றிவிட்டு மறுநாள்தான் வெளியே தர முடியும் என்றாள். பெனிட்டா எங்கள் கிடங்கின் பார்மசிஸ்ட். சின்ன வயசுதான், பதற்றம் என்பதே கிடையாது.

மறுநாள் ஊர் முழுக்க மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலையில் நின்றால் சாயங்காலம்தான் வரும். அது ஒன்றும் புதிதில்லை. பூஜை முடிந்து சனிக்கிழமைதான் ஜெனரேட்டரைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்திருந்தேன், சமர்த்தாக ஓடியது. டேங்க் நிறைய டீசல். கரண்ட் போனது, ஜெனரேட்டர் உறுமியது, அரை மணி நேரம் பார்த்துவிட்டு நான் டீ குடிக்க உட்கார்ந்தேன். பாதி கிளாஸ்கூடக் குடித்திருக்க மாட்டேன், ஜெனரேட்டர் இருமியது, திணறியது, நின்றுவிட்டது.

“ஏலே!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். டீசல் பாதையில் காற்றுப் புகுந்திருக்கும் என்று நினைத்து, திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக் காற்றை எடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் ஓடியது. நெஞ்சு நிறைந்து நிமிர்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே இருமல், அதே திணறல். நின்றேவிட்டது.

பெனிட்டா குளிர் அறை வாசலில் நின்று வெளியே இருக்கும் டிகிரி மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆறு ஆயிட்டு அண்ணாச்சி. கதவ யாரும் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு தடவ திறந்து, ஐஸ் பெட்டிக்குள்ள கொள்ளுத அளவுக்கு எடுத்து வைக்கப் போறேன்.”

ஐஸ் பெட்டிகளில் உள்ளே இருந்ததில் கால்வாசிகூடக் கொள்ளாது. அது எனக்குத் தெரியும். ராயகிரியிலும் புளியங்குடியிலும் என் மகளைப் போல இன்னும் பிள்ளைகள் இருப்பதும் தெரியும். இருந்தும் என் வாயில் வந்தது இதுதான்.

“ஏம்மா பெனிட்டா, எம் பிள்ளைக்கு உள்ள பெட்டிய முதல்ல வச்சிரும்மா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்.”

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். உள்ளே போனாள், வந்தாள், கதவைச் சாத்தினாள்.

“வச்சாச்சு அண்ணாச்சி. நீங்க வேலயப் பாருங்க.”

அப்பாடா என்று இருந்தது. என் பிள்ளைக்கு உள்ளது தப்பித்துவிட்டது. இனி இந்த இரும்பா நானா என்று பார்த்துவிடலாம். டீசல் வடிகட்டியைக் கழற்றிப் புதிது மாட்டினேன். ஓடியது, நின்றது. குழாயெல்லாம் ஊதிப் பார்த்தேன். ஓடியது, நின்றது.

“செத்த மூதி! போன மாசந்தானவே ஒனக்கு ஆயில் மாத்துனேன்? என்ன குறை வச்சேன் ஒனக்கு?” என்று அதன் காலில் ஒரு உதை விட்டேன். வலி எனக்குத்தான்.

“ஏழு,” என்று பெனிட்டா அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

எனக்குச் சட்டென்று டீசல் மேல் சந்தேகம் வந்தது. பங்க்கில் வேலை பார்க்கிற முத்துக்கிருஷ்ணனுக்குப் போன் போட்டேன்.

“ஏலே, டீசல்ல என்னத்தல கலந்த? மண்ணெண்ணெயா, தண்ணியா?”

“என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க? ஊரே அதத்தான அடிச்சிட்டுப் போவுது!”

“ஊர்க்கதைய எங்கிட்ட அளக்காத. இரு, மோந்து பாத்துட்டு வந்து ஒன்ன வச்சிக்கிடுதேன்.”

போனைப் பையில் போட்டுவிட்டு டேங்க்கின் மூடியைத் திருகினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மூச்சுக் கட்டித் திருகினேன். புஸ்ஸென்று வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டு திறந்தது. என் நகக்கண்ணெல்லாம் மஞ்சளாகப் பொடி. சந்தனம்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை உண்டு. டீசல் இறங்க இறங்க அதன் வழியாகத்தான் காற்று உள்ளே போகும். பூஜையன்று டேங்க்கை நிரப்பி, துடைத்துப் பளபளப்பாக்கி, மூடியின் நடுவில் சந்தனத்தை அள்ளி அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்தவன் சாட்சாத் நான்தான். வைத்த சந்தனம் காய்ந்து துளையை அடைத்திருக்கிறது. பத்து நிமிடம் ஓடும்போது தாங்கிய இயந்திரம், அதற்கு மேல் மூச்சு முட்டி நின்றிருக்கிறது. பாவம், அதைப் போய் உதைத்தேனே!

மூடியைக் கழுவி, ஒரு கம்பியை விட்டுத் துளையைக் குத்தினேன். காற்றை எடுத்து சுவிட்சைப் போட்டேன். ஓடியது. இந்த முறை நான் டீ குடிக்கப் போகவில்லை. பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். இருமவில்லை. திணறவில்லை. வெகுநேரம் கழித்துப் பெனிட்டா வந்தாள்.

“ஏழரையில நின்னுச்சு அண்ணாச்சி. இப்ப இறங்குது. அஞ்சு வந்துட்டு. எட்டத் தொடவே இல்ல!”

அந்தப் பதற்றமில்லாத பெண்ணின் கண் நிறைந்திருந்தது. நானும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் முத்துக்கிருஷ்ணனுக்குப் போன் போட்டு, “டீசல்ல ஒரு குத்தமும் இல்லடே, சாயங்காலம் வந்து புரோட்டா வாங்கித் தாரேன்” என்றேன். அவன் திட்டியதை இங்கே எழுத முடியாது. காது குளிரக் கேட்டுக்கொண்டேன்.

ஐஸ் பெட்டியில் இருப்பதைத் திரும்ப உள்ளே வைக்க நானும் கூடப் போனேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அடி வரைக்கும் வந்துவிட்டது. என் மகளுடைய மருந்தைக் காணோம்.

“ஏம்மா, எங்க அது?”

பெனிட்டா குளிர் அறையின் உள்தட்டைக் காட்டினாள். முந்தின நாள் வைத்த இடத்திலேயே அந்த அட்டைப் பெட்டி இருந்தது.

“அத நான் எடுக்கவே இல்ல அண்ணாச்சி. உறைஞ்சாலும் கெடாத மருந்ததான் ஐஸ் பெட்டில வச்சேன். பிரீசர்ல இருந்து அப்பந்தான் எடுத்த ஐஸ் கட்டி. இன்சுலின்ல பட்டா உறைஞ்சு போயிரும். உறைஞ்சா அதுவும் குப்பதான். ஒங்களுக்கே தெரியும்லா?”

தெரியும். நான்கு வருஷமாக வீட்டில் அதைச் சொல்லிக்கொண்டிருப்பவனே நான்தான். பதற்றத்தில் மறந்திருக்கிறேன்.

“அப்ப வச்சாச்சுன்னு சொன்னியே?”

“பின்ன என்ன சொல்ல? உள்ளதான் இருக்குன்னு சொல்லிருந்தா ஒங்க கை நடுங்கிருக்கும். நடுங்குத கைய வச்சிக்கிட்டு எதக் கழட்டுவீங்க, எத மாட்டுவீங்க?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவ்வளவு நேரமும் என் பிள்ளையின் மருந்து அந்த அறைக்குள்தான் இருந்திருக்கிறது. ஏழு என்று அவள் கத்தியபோதும் அங்கேதான். ஏழரை ஆனபோதும் அங்கேதான்.

வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். பெனிட்டா டீயை நீட்டினாள். வாங்கப் போன கை நடுங்கியது, கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. அவள் டீயைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கையை மடியில் போட்டுக்கொண்டு, நடுங்குகிறவரைக்கும் நடுங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.