துவிச்சக்கர வண்டி விழுந்தால்

நீர்வேலியிலிருந்து சுன்னாகம் போகிற தெருவோரத்தில் சைக்கிள்களுக்கென்று வெள்ளைக்கோடு கீறி, 'துவிச்சக்கர வண்டிகள் மட்டும்' என்று பலகையும் நட்டார்கள். அன்றே கேதீஸ்வரி தன் சைக்கிளுக்குக் காற்றடித்தாள்.

போன வருஷம், பின்னால் வந்த பஸ் ஹோண் அடித்த அடியில் வாய்க்காலுக்குள் விழுந்து அவள் கை முறிந்தது. அதிலிருந்து சைக்கிள் கொட்டிலுக்குள் கிடந்தது. அவள் வேலை பார்க்கும் சுன்னாகம் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு அவளைக் கணவர் இளையதம்பிதான் ஏற்றிப்போனார். வாழைக்குலை வியாபாரி. மோட்டார் சைக்கிளில் குலைகளோடு தானும் ஒரு குலையாகப் போவது அவளுக்குப் பிடிக்கவேயில்லை.

இளையதம்பி பலகையைத் தேவாரம் படிக்கிற குரலில் வாசித்துக் காட்டினார்.

"சரி, நீர் ஓடும். ஆனால் இன்னொருக்காத் துவிச்சக்கர வண்டி விழுந்துதோ, அடுத்தநாளே வித்துப்போடுவன்."

பிறகு பேச்சு மாறக்கூடாதென்று, அதை வீட்டுச் சாமியறையில் நின்று சொல்லச் சொன்னாள். சொன்னார்.

கொஞ்ச நாள் சுகமாகப் போனது. பிறகு மோட்டார் சைக்கிள்காரர் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தார்கள். பஸ்ஸுக்குப் பயந்து ஒதுங்கின இடத்திலும் முதுகுக்குப் பின்னால் ஹோண். ஒருவனை மறித்துக் கேட்டதற்கு, அவன் பலகையைக் காட்டிவிட்டுப் போனான். பின்னேரம் வீட்டில் முறையிட்டாள். இளையதம்பி சிரித்தார்.

"அவன் சொன்னதிலை என்ன பிழை? துவி எண்டால் ரெண்டு. என்ரை வண்டிக்கும் ரெண்டு சில்லுத்தானே? அதுவும் துவிச்சக்கர வண்டிதான்."

"அப்ப நீங்களும் அதுக்குள்ளாலைதான் ஓடுறியளோ?"

"சட்டப்படி ஓடுறன்."

மறுநாள் காலை, செபமாலையின் தேத்தண்ணிக் கடைக்குக் கிட்டவாக, பின்னால் ஒரு ஹோண் கேட்டது. தடிமன் பிடித்து மூக்கடைத்தது போன்ற அந்தச் சத்தத்தைத் திரும்பிப் பாராமலே அவளுக்குத் தெரியும். விலகாமல் தன் மணியை அடித்தாள். திரும்பவும் ஹோண். திரும்பவும் மணி. பொறுமை கெட்ட இளையதம்பி இடப்பக்கத்தால் முந்தப் பார்க்க, கரை மண் சறுக்கி, கதலிக் குலைகளோடு வாய்க்காலுக்குள் போனார்.

செபமாலை ஓடிவந்து தூக்கினான்.

"ஒருத்தரும் பாக்கேல்லைத்தானே?"

"இல்லை அண்ணை. நானும், கடையிலை இருந்த ஆக்களும், இப்பப் போன பஸ்ஸிலை இருந்த சனமும்தான்."

கேதீஸ்வரி இறங்கி வந்து அவருடைய கையை மடக்கிப் பார்த்தாள், காலை நீட்டிப் பார்த்தாள். ஒரு முறிவும் இல்லை. சேறுதான்.

"சரி, நாளைக்கு வித்துப்போடுவம்."

"எதை?"

"விழுந்த துவிச்சக்கர வண்டியை. சாமிக்கு முன்னாலை சொன்னனீங்கள்."

இளையதம்பி வாய்க்காலுக்குள் எட்டிப் பார்த்தார். பின்சில்லு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது மோட்டச் சைக்கிள்," என்றார், வாய்க்குள்ளேயே.

"எனக்குக் கேக்கேல்லை. செபமாலை, உமக்குக் கேட்டதோ?"

"இல்லை அக்கா."

"அது மோட்டச் சைக்கிளப்பா!"

கடைக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது. கேதீஸ்வரி சங்கக்கடைக்கு நேரமாகிறதென்று ஏறி மிதித்தாள்.

அந்நேரம் பார்த்துக் கோட்டுக்குள்ளால் இன்னொரு மோட்டார் சைக்கிள் ஹோண் அடித்தபடி வந்தது. சேறு சொட்டச் சொட்ட இளையதம்பி குறுக்கே நின்று மறித்தார்.

"தம்பி, அங்காலை எடும். இது துவிச்சக்கர வண்டிக்கு மட்டும்."

"ஏன் ஐயா, இதுக்கும் ரெண்டு சில்லுத்தானே?"

தூரத்தில் சைக்கிள் மணி கேட்டது. இளையதம்பி மூக்கில் ஒட்டின சேற்றை வழித்தெறிந்தார்.

"நானும் நேற்று உப்பிடித்தான் கதைச்சனான்."