தொட்டில் விருந்தில் மாறிய பூட்ஸ்

மலையூரான நாரினுக்கு நிலக்கரி இறக்கும் வேலைக்கு வந்து ஒன்றரை மாதமாகியும் ஜூராவின் காலுக்கு அந்த ஊர்க் குளிர் பிடிபடவில்லை. அவன் தெற்கே ஓஷ் பக்கத்துப் பருத்திக்காட்டு ஆள். அங்கே பூட்ஸ் என்றால் காலோடு ஒட்டி நிற்க வேண்டும். தொளதொளவென்று போட்டு நடந்தால் அண்ணனுடையதா என்று கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில், ஆட்டு ரோமத்தை அழுத்திச் செய்த பூட்ஸைச் சந்தைக்காரி தடுத்தும் கேளாமல் கச்சிதமாகப் பார்த்து வாங்கினான். உள்ளே இரண்டு காலுறையும் திணித்தான். அரை மணிக்கொரு தரம் விரல் மரத்தது. மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு அடுப்பறைக்கு ஓடினான்.

மேஸ்திரி தலாய் சத்தம் போடுகிற ஆளில்லை. சனிக்கிழமை பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, நீ அடுப்புக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள லாரிக்காரன் ஒரு தூக்கமே போட்டு எந்திரிச்சுடுறான். திங்கக்கிழமை ஒருநாள் பாக்குறேன். நிக்க முடியலைன்னா ஊருக்குப் பஸ் ஏறிடு. கோவிச்சுக்காத."

"கோவம் இல்லண்ணே."

ஊரில் பனி விட்டு உழவு தொடங்கும்வரை வேலை கிடையாது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இவன் கையைத்தான் பார்த்திருந்தார்கள்.

ஞாயிறு மதியம் தலாய் தன் பேத்தியைத் தொட்டிலில் இடும் விருந்து. வாசல் நடையில் நாற்பது ஜோடி சாம்பல் நிற பூட்ஸ், மந்தை படுத்த மாதிரி. வெளியூர்க்காரன் என்று ஜூராவைக் கறியும் சாறும் கொடுத்துக் கடைசிவரை எழவிடவில்லை. கட்டித்தந்த எலும்புக்கறியோடு வெளியே வந்தபோது ஒரு ஜோடிதான் மிச்சம். பழசு. குதிகாலில் தோல் ஒட்டுப்போட்டது. அவனுடையதைவிட இரண்டளவு பெரிசு, அடியில் உலர்ந்த புல் வேறு.

வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டு நடந்தான். பாதி வழியில் நின்றுவிட்டான். பத்து விரலும் தனித்தனியாக அசைந்தன. காலைச் சுற்றி இடம் இருந்தது, அந்த இடம் முழுக்கச் சூடாக இருந்தது.

திங்கள் காலை அதையே போட்டு வந்தான். ஒருமுறைகூட அடுப்புப் பக்கம் போகவில்லை. தலாய் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். யாருடைய சூட்டிலோ நிற்கிறோம் என்பதுதான் ஜூராவை உறுத்தியது.

மதியம் எடைமேடைக்காரர் சாகின் வந்தார். காலில் பெண்டாட்டியின் பூப்போட்ட காலுறையும் ரப்பர் செருப்பும். கையில் ஒரு மூட்டை.

"யாருய்யா என் தோணியை ஓட்டிட்டுப் போனது?"

"நான்தாண்ணே. கடைசியா அதுதான் கெடந்துச்சு." ஜூரா கழற்றக் குனிந்தான்.

"இரு, கேளு. நேத்து மாடு தேடணுங்கிற அவசரத்துல காலைத் திணிச்சேன். இறுக்கிச்சு. சாறு உப்பு, கால் வீங்கிடுச்சுன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போனா கழல மாட்டேங்குது. இது பெரிய வியாதின்னு என் வீட்டுக்காரி அழ ஆரம்பிச்சுட்டா. கத்தியால பின்பக்கம் கீறினப்புறந்தான் தெரிஞ்சுது, கால் என்னுது, பூட்ஸ் என்னுது இல்லைன்னு."

கரிக்குவியலைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாகின் மூட்டையைப் பிரித்தார். ஜூராவின் பூட்ஸ்தான். கீறின இடத்தில், பழைய தரைவிரிப்பிலிருந்து வெட்டிய உள்ளங்கை அகலச் சிவப்புக் கம்பளித்துண்டு, இரண்டிலும் தடித்த நூலால் தைத்திருந்தது.

"கீறினதும் அவ, தச்சதும் அவ. இதை முடிக்காம காலையில என்னை வெளிய விடல."

ஜூரா தோணிகளை மனசில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதில் காலை விட்டான். ஒரு காலுறையைக் கழற்றிப் பையில் போட்டான். சாகின் கொடுத்த புல்லை அடியில் பரப்பி மறுபடி விட்டான். விரல்களை அசைத்துப் பார்த்தான். அசைந்தன.

"சேவல் வால் மாதிரி இருக்கு," என்றார் தலாய். "இதோட ஊருக்குப் போனா எவன் பொண்ணு குடுப்பான்?"

"அதெல்லாம் முன்னாடியே குடுத்துட்டாங்கண்ணே."

லாரி ஹாரன் அடித்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனவன், வேலை விடுகிற நேரத்தில்தான் அடுப்பறைக்கு வந்தான், டீ குடிக்க. தலாய் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"பஸ் டிக்கெட் எதுவும் வாங்கி வச்சிருக்கியா?"

"இல்லண்ணே."

"வாங்காத," என்று சொல்லி ரொட்டியைப் பிய்த்து அவன் பக்கம் தள்ளினார்.