இரண்டு வேளைத் தண்ணீர்

கொழுந்தன் கத்திரிச்செடியின் தண்டைப் பிடித்து இழுக்கக் குனிந்தபோதுதான் அவள் கொல்லைக் கதவைத் திறந்தாள்.

"அத விடுங்க தம்பி."

அவர் நிமிர்ந்தார். உள்ளே கூடத்தில் அவருடைய அண்ணன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். அண்ணன் உயிரோடு இருந்தவரை நல்லநாள் பொல்லநாளுக்குக்கூட எட்டிப் பார்க்காத மனிதர், காலையிலிருந்து இந்த வீட்டை அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கு உட்கார இடமில்லையாம். கொல்லையைச் சுத்தம் பண்ணினால் நாற்காலி போடலாமாம்.

"எல்லாம் செத்துப்போனதுதானே அண்ணி," என்றவர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செத்துத்தான் போயிருந்தன. தக்காளி முழுக்கப் போய்விட்டது. தண்டைத் தொட்டால் ஒடிந்தது. ஆனால் கத்திரி அப்படியில்லை. பழுத்துத் தொங்கிய இலைகளுக்கு நடுவில் நகத்தளவு துளிர்கள் பச்சையாகக் கிளம்பியிருந்தன. ஒரு பூ வேறு, ஊதா நிறத்தில், தலையைக் குனிந்துகொண்டு. மிளகாய்ச்செடியிலும் நுனியில் புதுசாக ஏதோ தெரிந்தது. அவள் புடவையைச் செருகிக்கொண்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். போன வாரம் பூராவும் அவள் புருஷனோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. வருஷம் பூராவும் குடம் குடமாக ஊற்றியபோது வராத பூ, யாரும் எட்டிப் பார்க்காதபோது வந்திருக்கிறது. என்ன செடியோ, என்ன புத்தியோ!

போன வருஷம் இந்த இடத்தில் ஒரு கொய்யா மரம் நின்றது. மகள் பிறந்த வருஷம் அவள் வைத்தது. அவள் புருஷன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு ஓட்ட வண்டி இல்லாததால் வீட்டை ஓட்ட ஆரம்பித்தார். அலமாரியை இங்கே நகர்த்து, தையல் மிஷினை அங்கே போடு என்று ஒரே ரோதனை. இலை விழுந்து சாக்கடை அடைக்கிறது என்று ஒரு நாள் மரத்தின் மேல் கண் போயிற்று. தைக்க வந்த ரவிக்கைகளுக்கு லைனிங் துணி வாங்க அவள் கடைவீதிக்குப் போய்த் திரும்புவதற்குள் மரம் தரையில் கிடந்தது. கிளைகளில் பிஞ்சுகள் அப்படியே இருந்தன.

"பாரு, எவ்வளவு வெளிச்சமா இருக்கு," என்றார் அவர்.

அவள் பதில் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டியிருந்தால் அவளே சரி என்றிருப்பாள். அதுதான் ஆத்திரம். அவர் மட்டும் சளைத்தவரா? இரண்டு நாள் பார்த்துவிட்டு அவரும் வாயைப் பூட்டிக்கொண்டார்.

ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் எப்படி? வெளியூரில் இருக்கும் மகள் தினமும் போன் பண்ணுவாள். ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, "உங்கப்பாகிட்ட சொல்லு, குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு," என்பாள் இவள். அந்த மேசையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அவருக்கு அது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் மகள் ஒருமுறை சொல்லும்வரை காத்திருப்பார். "அப்பா, குழாய் ஒழுகுதாம்." பிறகு, "ஆள் வரச் சொல்லியாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." மகள் அதையும் சொல்வாள். முதலில் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு அழுதாள், திட்டினாள். கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டு, எந்த உணர்ச்சியுமில்லாமல் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று கடத்திக்கொண்டிருந்தாள்.

மரம் போன கொஞ்ச நாளில் அவர் நாற்றுகள் வாங்கி வந்து அந்த அடிக்கட்டையைச் சுற்றி நட்டார். தக்காளி, கத்திரி, மிளகாய். மரத்தை வெட்டிவிட்டுச் செடி நடுகிறாராம், மன்னிப்புக் கேட்கிற லட்சணம் என்று அவள் ஜன்னலை மூடிக்கொண்டாள். ஆனால் உச்சி வெயிலில் இலைகள் துவண்டு தொங்குவது ஜன்னல் இடுக்கிலும் தெரிந்தது. நட்டதோடு சரி, மனிதர் அந்தப் பக்கமே போகக் காணோம். செடி என்ன பாவம் பண்ணியது? அவர் காலையில் நடக்கப் போனதும் அவள் இரண்டு வாளி ஊற்றிவிட்டு, வாளியை இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிடுவாள். பார்த்துவிட்டால் சமாதானமாகிவிட்டாள் என்றல்லவா நினைத்துக்கொள்வார்? மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தால், பனி என்று நினைத்துக்கொண்டாள்.

இலை பழுத்தது. தண்ணீர் போதவில்லை என்று இன்னொரு வாளி ஊற்றினாள். இன்னும் பழுத்தது. தக்காளி பூத்து, பூத்த கையோடு கொட்டிற்று. மழைக்காலத்தில் பாதிச் செடி அழுகிச் சாய்ந்தது. ஒவ்வொன்று போகும்போதும் அவரைத்தான் வைதாள், மனசுக்குள். இவர் கை பட்டது எதுதான் விளங்கியிருக்கிறது?

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். நெஞ்சுவலி என்று படுத்தவர், பேச்சு இருந்த கடைசி நாளில் கண்ணைத் திறந்து, அவள் பக்கத்தில் நிற்க, ஊசி போட வந்த நர்ஸிடம் சொன்னார்.

"வீட்ல செடி காயும். தண்ணி ஊத்தச் சொல்லும்மா."

சாகக் கிடக்கும்போதும் செடிதானா? "அதெல்லாம் ஊத்துறாங்கன்னு சொல்லுங்க," என்று அவளும் நர்ஸிடமே சொன்னாள். நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

"அக்கா, ஒரு வாய் காபி குடிங்க."

அடுத்த வீட்டு மாடியில் இருக்கும் டீச்சர் டம்ளரோடு வந்து நின்றாள். அவளும் செடிகளைப் பார்த்தாள்.

"சார்தான் உயிரையே வெச்சிருந்தாரு இதுங்க மேல. நீங்க தெச்ச துணியக் குடுக்கப் போனதும் வந்துடுவாரு. மூணு நாலு வாளி ஊத்துவாரு."

அவள் டம்ளரை வாங்காமல் நிமிர்ந்தாள்.

"எப்ப?"

"சாயங்காலம்தான். தெனமும். அவளுக்கு என்மேலதான் கோவம், செடி பாவம், அதுக்கும் தண்ணி காட்ட மாட்டேங்கிறாளேன்னு ஒருதடவ எங்கிட்ட வருத்தப்பட்டாரு."

"காலையில நான் ஊத்துவேனே. நீங்க பாத்ததில்லயா?"

டீச்சர் தரையைப் பார்த்தாள். பார்த்திருக்கிறாள். மாடியில் துணி காயப்போடும் இடத்திலிருந்து வருஷம் பூராவும் இரண்டு வேளையும் பார்த்திருக்கிறாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்க்கா."

அவளைக் குற்றம் சொல்லி என்ன? ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கே வாய் இல்லை. வேரை அழுக வைத்தது யார் என்று கேட்டால், இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு கை தூக்க வேண்டும். அவள் செடியடியில் விரலை விட்டுப் பார்த்தாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. இந்த ஒரு வருஷத்தில் அவள் ஒருநாளும் மண்ணைத் தொட்டுப் பார்த்ததில்லை.

வாசலில் அமரர் ஊர்தி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இரவே ஊரிலிருந்து வந்துவிட்ட மகள் ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். பெட்டியின் மூடியைத் திறந்திருந்தார்கள். காலையிலிருந்து அவள் அழாததை உறவுக்காரிகள் ஆளுக்கொரு மூலையில் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அம்மா, அப்பாகிட்ட ஏதாவது பேசும்மா," என்றாள் மகள். "இப்பவாவது பேசு."

அவள் குனிந்தாள். சவரம் பண்ணாத முகம். காதோரம் நரைமுடி கலைந்திருந்தது. என்னங்க என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தாள். ஒரு வருஷமாக எடுக்காத வார்த்தை, தேடினால் கிடைக்கவில்லை. கொழுந்தன் வாசலிலிருந்து நேரமாகிறது என்று சாடை காட்டினார்.

அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு," என்றாள். "கத்திரி பூ விட்டிருக்குன்னு."

மகள் அவளையே பார்த்தாள். பிறகு குனிந்து, அவர் காதருகே வாயை வைத்து, போனில் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"அப்பா, கத்திரி பூ விட்டிருக்காம்."

ஆட்கள் வந்து தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நின்றார்கள். நகரச் சொன்னார்கள். அவள் நகரவில்லை. வழக்கம்போல, பதிலுக்காக மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.