துடைக்காத பட்டை

ஆயிரம் முறை வளைத்த பிறகும் விரல் பட்டால் மீட்டரில் எண் அசைய வேண்டும். தொடு உணரி செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்பின் கடைசிச் சோதனை அதுதான். ஆளுக்கு மூன்று பட்டைகள். என்னுடையவற்றில் இரண்டு போய்விட்டன: முதலாவது அறுநூறில், இரண்டாவது ஐந்நூறில். இன்று மூன்றாவதும் போனால் சான்றிதழ் கிடையாது; அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து.

பட்டை என்பது விரல் அகல பிளாஸ்டிக் தாள். அதன் மேல், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாக, மின்சாரம் கடத்தும் பூச்சு. நானே பூசியது. ஆகவே கோளாறு பூச்சில்தான் என்று இரண்டு வாரமாக நம்பியிருந்தேன். என் கை பட்டு எது உருப்பட்டிருக்கிறது?

பகலில் வெல்டிங் வேலை பார்க்கும் அண்ணன் எனக்குப் பக்கத்து மேசை. நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னம்மா, நூறு தடவைக்கு ஒரு குளியலா? கைக்குழந்தைகூட இவ்ளோ குளிக்காது!”

“விரல் பிசுக்கு ஒட்டியிருக்கும்ணா. தொடைக்காம அளந்தா தப்பா காட்டும்.”

“என் பட்டைய நான் தொடைச்சதே இல்ல. கல்லு மாதிரி நிக்குது பாரு.”

சுருக்கென்றது. நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு நூறுக்கும், துடைக்கும் முன் ஓர் அளவு, துடைத்த பின் ஓர் அளவு எழுதி வைத்திருந்தேன். வளைத்ததால் மின்தடை பெரிதாக ஏறவில்லை. துடைத்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் எகிறியிருந்தது. இரண்டாவது பட்டையை இன்னும் அழுத்தித் துடைத்திருந்தேன். அது இன்னும் சீக்கிரம் போனது. பூச்சு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் அதைக் கரைத்திருக்கிறேன்.

பஞ்சைக் குப்பையில் போட்டேன். மூன்றாவது பட்டையை வளைக்கும் கருவியில் பூட்டினேன். முந்நூறில் துடைக்கச் சொல்லிக் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆயிரத்தில், வகுப்பு எடுக்கும் மேடம் வந்து கருவியை நிறுத்தி, சுண்டுவிரலால் பட்டும் படாமல் தொட்டார். எண் துள்ளியது.

“பூச்சு எவ்ளோ சீரா இருக்கு! யார் போட்டது?”

“நான்தான் மேடம்.” குரல் எனக்கே புதிதாக இருந்தது. “இன்னும் ஆயிரம் ஓட்டிப் பாக்கட்டுமா?”

“பாருங்கய்யா, குளிக்காமலே குழந்தை வளந்துடுச்சு!” என்றார் அண்ணன்.

இரண்டாயிரத்திலும் துள்ளியது. நோட்டில் ‘பூசியவர்’ என்ற கட்டத்தில் எப்போதும் என் பெயரைப் பென்சிலால்தான் எழுதுவேன், அழிக்க வசதியாக. இன்று அண்ணனிடம் பேனா வாங்கி எழுதினேன்.