ஒன்பது சாம்பிள், ஒரே அளவுகோல்

அறிக்கை போய் ஐம்பத்திரண்டு மணி நேரம். தப்பு பொன்மணிக்குத் தெரிந்து முப்பத்தொரு மணி நேரம். முதல் கணக்கு ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது அவளுக்கும் ஆபீஸை நடத்தும் ஷைலஜா மேடத்துக்கும் மட்டும்.

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகுக் கிடங்கின் மாடியில் இருந்தது அவர்களுடைய பரிசோதனைக் கூடம். கப்பலேறும் மீனிலும் இறாலிலும் கதிரியக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. அரைத்து டப்பாவில் அடைத்து ஒரு பகல் முழுக்கக் கருவியில் வைத்தால், கம்ப்யூட்டர் இரண்டு பத்தியாக எண்களைத் தரும். ஒன்று ஆற்றல், மற்றது அந்த ஆற்றலில் எத்தனை கதிர் விழுந்தது என்பது. எந்த ஆற்றலில் முகடு எழும்புகிறதோ அதை வைத்துப் பொருளைச் சொல்லிவிடலாம். 662 என்றால் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள். அந்தச் சரக்கு கப்பலேறாது.

கருவிகள் இரண்டு. பழையதும் புதியதும் ஆற்றலைத் தத்தம் கணக்கில்தான் பிரிக்கும். வரிசையில் ஒரே இடத்தில் நிற்கும் எண்ணுக்கு இரண்டிலும் ஒரே ஆற்றல் கிடையாது. ஆனால் மேடத்துக்கு எல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டும்.

"எனர்ஜி ஒரு தடவை போதும் பொன்மணி. அதையே ஒன்பது வாட்டி அடிச்சா பார்ட்டிக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது."

பொன்மணி வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. முதல் சாம்பிளின் ஆற்றல் பத்தியை இடப்பக்கம் வைத்து, மற்ற எட்டின் எண்ணிக்கைகளை மட்டும் வரிசையாக ஒட்டி, ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தாள். எட்டாவது சாம்பிளை மட்டும் புதிய கருவியில் வைத்திருந்தார்கள். அந்தப் பத்தியில் 662இல் முகடு தெரிந்தது, சீசியம் என்று எழுதித் திங்கள் மதியம் அறிக்கை போனது.

செவ்வாய் காலை பிளாப்பியில் நகல் எடுக்கும்போது, எட்டாம் பத்தியில், எல்லா மீனிலும் இயல்பாகவே இருக்கும் பொட்டாசியத்தின் முகடு 1587இல் நிற்பதைக் கண்டாள். பொட்டாசியம் எங்கேயும் 1460தான். பத்தி முழுவதும் தள்ளிப்போயிருந்தது. சீசியம் என்று எழுதிக் கொடுத்த முகடு உண்மையில் 609. செங்கல் சுவரிலிருந்து எந்நேரமும் வரும் கதிர். இறாலில் ஒன்றுமில்லை.

பொன்மணி கொண்டுபோய்க் காட்டிய தாளை மேடம் இரண்டு முறை பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"இப்போ மாத்திச் சொன்னா லேப் அங்கீகாரம் போகும். உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. அடுத்ததுல இருந்து சரியா செய். இது நமக்குள்ள இருக்கட்டும், கேட்டியா?"

பொன்மணி தலையாட்டினாள். சாம்பிளுக்கு நம்பர்தான் உண்டு, பெயர் கிடையாது. எட்டாம் நம்பர் எந்த இறால் கூடத்திலிருந்து வந்தது என்று அன்று மாலைதான் தெரிந்தது. தோப்பும்படியில் அவள் அம்மா மாயம்மாள் பதினாறு வருஷமாக இறால் உரிக்கும் கூடம். பூட்டு விழுந்துவிட்டது. அங்கிருந்த நாற்பத்து மூன்று பெண்களையும், கதிர் ஒட்டியிருக்கும் என்று பயந்து, வேறு எந்தக் கூடத்திலும் சேர்க்கவில்லை.

புதன் காலை மேடத்தின் கதவு வரை போய்த் திரும்பி வந்தாள்.

மாலை ஆறு மணிக்கு வீட்டில் கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காளியம்மை சாயா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"வா மோளே. நீதான் கண்டுபிடிச்சேன்னு உங்க அம்மைக்கு ஒரே பெருமை. எங்க அடுப்புல தண்ணி ஊத்தி நீ பேரு வாங்கிட்டே!"

"சும்மா கெட காளி," என்றாள் அம்மா. "அவ எழுதலேன்னா இன்னும் அந்த விஷத்துலதான் கைய வச்சிட்டிருப்போம்."

"பேச்சப் பாரு. நேத்துலேருந்து பிளீச்சிங் பவுடர்ல கைய ஊற வச்சிட்டுக் கெடக்கா."

அக்கா விஜியின் குழந்தை பாயில் கிடந்து அழுதது. விஜி தண்ணீருக்குப் போயிருந்தாள். அம்மா எழுந்தாள், பக்கத்தில் போனாள், கைகளை முந்தானையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். விரல்கள் வெந்ததுபோல் சிவந்திருந்தன.

"நீ எடு மோளே. தொட்டாலும் ஒட்டுமாம்."

பொன்மணி குழந்தையைத் தூக்கி அம்மாவிடம் நீட்டினாள். அம்மா பின்னால் நகர்ந்தாள். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாங்கிக்கோம்மா. உன் கையில ஒண்ணுமில்ல. இறால்லயும் இல்ல. நான் ஒட்டின பத்தி தப்பு. நேத்து காலையிலேயே எனக்குத் தெரியும்."