வால் வைத்த மஞ்சள் கோடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதில் மறைக்க ஒன்றுமில்லை, படப்பையில் எங்கள் தெருவுக்கே தெரியும். அதிலும் என் வீட்டுக்காரர் ஜெகநாதன் மாதிரி ஒரு வாயில்லாப் பூச்சியைக் கட்டிக்கொண்டவள் இரண்டு ஆள் பேச்சையும் ஒருத்தியாகத்தானே பேசியாக வேண்டும்?

அவர் வாய் திறப்பது காரைப் பற்றி மட்டும்தான். ஏதோ புது மாடல் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கான்டெஸா. கல்யாணத்துக்கு முன்பே வாங்கி, துருவைச் சுரண்டி, ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பிடித்து ஓட வைத்தது. எங்கள் மனையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். நானோ ஓரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் சக்கரம் மாட்டுகிற இடத்தில் வேலை செய்கிறேன். நாள் முழுக்கப் புது காரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இந்தக் கிழவன் வாசலில் நிற்பான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவர் பார்த்துக்கொண்ட அழகே தனி. ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்கமாட்டார், ஆயில் மேலே ஏறட்டும் என்று சும்மா உட்கார்ந்திருப்பார். பேட்டரி முனையில் வெள்ளையாக உப்புப் பூத்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து வாஸலின் களிம்பு தடவுவார். வழியில் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் ஏறினால் ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் வடக்குப்பட்டு பக்கம் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு சுற்று போய்வருவோம். கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்தே பார்த்த ரோடு அது. அந்த சீட்டில் உட்கார்ந்தால் எனக்கே கொஞ்சம் திமிர் வரும்.

அந்தக் காரில் எனக்கென்று ஒரு வேலையும் உண்டு. எங்கள் லைனில் சக்கரத்து நட்டை, கன் என்கிற மெஷினை வைத்து முறுக்கியதும், நட்டிலிருந்து சக்கரம் வரை பெயின்ட் பேனாவால் மஞ்சள் கோடு போட வேண்டும். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று, சரிபார்த்தாயிற்று என்று அர்த்தம். பிறகு யாரும் அதைத் தொட்டுப் பார்க்கமாட்டார்கள். கோடு போடுவது நான். எனக்கு இடது கை. கோட்டை முடிக்கும்போது கை ஒரு சுண்டு சுண்டும், நுனியில் சின்ன வால் விழும். சூப்பர்வைசர் ரகு, "வினோதினி போட்ட மார்க்குக்கு வால் முளைச்சிக்கீது பாரு" என்று கிண்டல் செய்வார். இதைக் கேட்ட என் வீட்டுக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. ஹார்டுவேர் கடையில் ஒரு மஞ்சள் பேனா வாங்கி வந்தார். அவர் முறுக்குவார், நான் கோடு போடுவேன். நான் ஷிப்டில் இருந்தால் அவரே போட்டுக்கொள்வார்.

என் தம்பி பிரசாந்தும் இன்னொரு கம்பெனியில் லைனில் இருப்பவன்தான். அவன் மனைவி தேவிப்பிரியாவுக்கு வளைகாப்பு வந்தது. எங்களுக்கு அம்மா இல்லை. அக்கா நான்தான் எடுத்துச் செய்ய வேண்டும் என்று எங்கள் வீட்டிலேயே வைத்தோம். ஓரகடத்தில் இருக்கிற அவர்கள் வாடகை வீட்டிலிருந்து அவளைக் கான்டெஸாவில்தான் அழைத்துவர வேண்டும் என்று தம்பிக்கு ஒரே அடம்.

"புள்ளத்தாச்சி ஏர்ற வண்டி, பிரேக்க ஒரு தபா பாத்துடறேன்" என்று அன்று காலை இவர் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கழற்றினார். நான் சமையல்காரனோடும், வளையல்காரனோடும், பூக்காரியோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். இவர் பிரேக் ஆயில் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பிரசாந்த் வந்தான். ராகு காலத்துக்கு முன்னே வளையல் போட்டாக வேண்டும் என்று நான் அவனைத் துரத்தினேன். அவன் ஜாக்கியை இறக்கி, காரை எடுத்துக்கொண்டு போனான்.

திரும்பி வந்தது கார் இல்லை, ஷேர் ஆட்டோ. தேவிப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை. வரும் வழியில் ஸ்டீயரிங் உதறி, சக்கரம் ஆடி, கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் மணலில் சொருகி நின்றிருக்கிறது. பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி பிரேக் அடித்து நின்றதாம். நட்டில் சில விழுந்தே போயிருந்தன, மிச்சம் கையால் திருகினாலே கழன்றதாம். டாக்டர் பார்த்து, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

"மஞ்ச மார்க் இருந்துச்சுக்கா. மாமா டைட் பண்ணிட்டாருன்னு நெனச்சி எடுத்துட்டேன்" என்றான் பிரசாந்த்.

அவ்வளவுதான். பந்தலில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, நான் இவர் முன்னால் போய் நின்றேன்.

"டைட் பண்ணாமலே மார்க் போட்டியா நீ? இன்னா ஆளு நீ?" 'நீங்க' எல்லாம் அன்றைக்குப் பறந்துபோயிருந்தது.

இவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிரசாந்தைப் பார்த்தார். "ஆமா. என் தப்புதான்" என்றார்.

"எங்க லைன்ல இந்த வேலைய செஞ்சா இன்னா ஆவும் தெரியுமா? அன்னிக்கே ஐடி கார்ட புடுங்கிகினு கேட்டுக்கு வெளிய தள்ளிடுவாங்க. ஒரு நட்டு முறுக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் காரு ஒரு கேடா? ரெண்டு உசுரு போயிருக்குமே, பாவி!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். பெரியப்பா வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை நிறுத்தவில்லை. இவர் அதற்குப் பிறகு பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அதோடாவது விட்டேனா? வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொன்னேன். பக்கத்து வீட்டில் சொன்னேன், கம்பெனி பஸ்ஸில் சொன்னேன். இவர் அங்கேயே இருப்பார், தலை குனிந்திருக்கும். நான் ஆரம்பித்தாலே பிரசாந்த் போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போய்விடுவான். ஏன் போகிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இவர் தனியாகவே காரை இழுத்துவந்து, வேறு சக்கரம் மாட்டிச் சரிசெய்தார். ஆனால் ஓட்டவில்லை. "இத வித்துத் தொலைங்க" என்று நான் சொன்னபோது, "சரி" என்றார். அவ்வளவு சுலபமாகச் சரி என்பார் என்று நான் நினைக்கவில்லை.

தாம்பரத்திலிருந்து சங்கரநாராயணன் என்று ஒருவர் பார்க்க வந்தார். பழைய கார் என்றால் உயிரை விடுகிற ஆள். நின்றுபோயிருந்த காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய பிரசாந்தும் வந்திருந்தான். இவர் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கார்புரேட்டர் வண்டி சார். வெயில்ல டிராபிக்ல மாட்டினா சில நேரம் ஆஃப் ஆவும். பெட்ரோல் சூடாயி பம்புல ஏறாது, வேற ஒண்ணும் இல்ல. செல்ஃப் போட்டுப் போட்டு பேட்டரிய காலி பண்ணிடாதீங்க. ஈரத்துணிய பம்பு மேல சுத்திட்டு சும்மா வுடுங்க, தானா வரும். வாரத்துல ஒரு தபாவாவது வெளிய எடுங்க. நிக்க வச்சா கெட்டுப்பூடும்."

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "முன் சக்கரம் கழண்டுதாமே?" என்றார்.

"ஆமா சார். நான்தான் டைட் பண்ணாம வுட்டுட்டேன்."

"நட்டையே விட்டவர் எஞ்சினை எப்படிப் பார்த்திருப்பீங்களோன்னு யோசனையா இருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசற்படியில் நின்று, அதானே, என்கிற மாதிரி தலையாட்டினேன். அந்தத் தலையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

"ஸ்டெப்னி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவர் டிக்கியைத் திறந்தார். "அது வேணாம் சார், வேற தரேன்" என்று இவர் பதறி ஓடினார். அதற்குள் அவர் உள்ளே கிடந்த சாக்குமூட்டையை இழுத்துவிட்டார். சாக்கு விலகி, சக்கரம் என் காலடியில் வந்து சாய்ந்தது. அன்றைக்கு ஆடிய அதே சக்கரம்தான், நட்டு போட்ட ஓட்டையெல்லாம் தேய்ந்து அகன்றிருந்தது. ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் மஞ்சள் கோடு இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் நுனியில் வால்.

என் வால்.

அன்று காலை காதில் போன், மறுமுனையில் சமையல்காரன். புளிசாதத்துக்கு நல்லெண்ணெய் பத்தாது என்கிறான், நான் கத்துகிறேன். கத்திக்கொண்டே காரைச் சுற்றி வருகிறேன். பேனா சீட்டு மேலே கிடக்கிறது, சக்கரம் மாட்டியிருக்கிறது, நட்டு இருக்கிறது. மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு... அந்தப் பெயின்ட் வாடைகூட இப்போது வந்தது. லைனில் நாள் முழுக்கப் போடுகிற கை. என்னைக் கேட்காமலே போட்டுவிட்டது. சக்கரம் அப்போது தரையில் இல்லை, ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் இறக்கி வைத்துத்தான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? இவர் கையால் திருகி வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார், வந்து முறுக்கலாம் என்று.

"பிரசாந்த்" என்றேன். "இது என் மார்க்குடா."

அவன் தரையைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"ரோட்லயே தெரியும்கா. உன் வால எனக்குத் தெரியாதா? உன்னாண்டதான் சொல்ல வந்தேன். நீ அதுக்குள்ள மாமாவ ஆரம்பிச்சிட்ட. அப்புறம் மாமா வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு."

"தேவிக்கு?"

"அவளுக்கும் தெரியும்."

மானம் போனது என்று ஊரில் சொல்வார்களே, அது இப்படித்தான் போகும் போலிருக்கிறது. நான் ஊர் பூராவும் சொல்லித் திரிந்தபோதெல்லாம் இவர்கள் மூன்று பேரும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். தேவிப்பிரியா அன்றைக்கு அதற்குப் பிறகும் என் கையால் வளையல் போட்டுக்கொண்டாளே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

"ஏங்க சொல்லல?" என்றேன் இவரிடம்.

"இன்னான்னு சொல்றது? இத செஞ்சா கேட்டுக்கு வெளிய தள்ளணும்னு அத்தினி பேரு முன்னாடி நீயே சொல்லிட்ட. அப்புறம் அது நீதான்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதுவும் இவரையே தேற்ற வைக்கிற வேலை. அடக்கிக்கொண்டு, கார் பார்க்க வந்தவரிடம் போனேன். "சார், அந்தச் சக்கரத்துக்கு மார்க் போட்டது நான். முறுக்கறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன். இவரு மேல ஒரு தப்பும் இல்ல. இவரு பாத்த வண்டியில ஒரு கொறை சொல்ல முடியாது."

சங்கரநாராயணன் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப யோசிக்க ஒண்ணுமில்லை. நான் எடுத்துக்கறேன்" என்றார்.

"இல்ல சார், விக்கல" என்றேன் அவசரமாக. இவர் பக்கம் திரும்பினேன். "வேணாங்க. வுட்டுடுங்க. ஒவ்வொரு வூடா நானே போய்ச் சொல்றேன். பெரியப்பாகிட்ட சொல்றேன், பஸ்ல சொல்றேன். காரு இருக்கட்டும்."

இவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கார் மேல் ஒட்டியிருந்த தூசியைக் கையால் தள்ளினார்.

"நீ போய்ச் சொல்லு. சொல்லத்தான் வேணும். ஆனா காரு போவட்டும். ஸ்டீயரிங்க தொட்டாலே அன்னிக்கி நீ பேசினதுதான் காதுல கேக்குது, வினோ. நானும் பாத்துட்டேன், அது காத வுட்டுப் போவமாட்டேங்குது."

நான் அந்தப் பழைய சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்ச் சுவரோரம் சாய்த்தேன்.

அன்றைக்கே தாம்பரம் வரை போகிற வண்டி என்று இவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சக்கரம் சக்கரமாக உட்கார்ந்தார். எதிரெதிர் நட்டாக முறுக்கினார். "கொஞ்ச தூரம் ஓடினதும் ஒரு தபா நிறுத்தி டைட் பாத்துக்குங்க சார்" என்றார். கடைசி சக்கரமும் முடிந்ததும் பழக்கத்தில் என் பக்கம் பேனாவை நீட்டினார். நீட்டிய பிறகுதான் இவருக்கே உறைத்திருக்க வேண்டும், கை பாதியில் நின்றது.

நான் பேனாவை வாங்கவில்லை. ஸ்பானரை வாங்கினேன். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு மண்ணில் மண்டி போட்டு, ஒவ்வொரு நட்டாக என் பலம் கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. பிறகுதான் பேனாவைக் கேட்டு வாங்கி மூடியைக் கழற்றினேன். மூன்று ஆண்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு கோணலாக வந்தது, வாலும் சேர்ந்தே வந்தது.

கார் தெருமுனை திரும்பியது. இவர் ஜாக்கியை எடுத்துத் துடைத்து, அதற்கு இனி வேலை இல்லை என்பது நினைவு வந்தவராக, சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பினேன்.