டிரம்பெட்காரரின் முறை

ஞாயிறு மதியம் எங்கள் ஜாஸ் கிளப்பில் தவறாமல் ஒரு பாட்டை வாசிப்போம். பாட்டின் நடுவில் டிரம்பெட்காரர் தனித்து ஊதுகிற முறை வரும். அவர் செத்துப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. முதல் வாரம் மரியாதைக்காக அவர் முறை முழுக்க ஒருவரும் வாசிக்காமல் இருந்தோம். அப்புறம் அதை நிறுத்தும் தைரியம் எவனுக்கும் வரவில்லை. பஸ் ஓட்டிப் பிழைக்கிற, இங்கே பேஸ் கிட்டார் வாசிக்கிற எங்கள் தடியன்கூட அந்த நேரத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்வான். நான் டிரம்ஸ் குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு மனசுக்குள் தாளம் எண்ணுவேன். எண்ணிக்கை எத்தனையோ தடவை தப்பியிருக்கிறது. ஆனாலும் எல்லோரும் ஒரே நொடியில்தான் திரும்ப ஆரம்பிப்போம். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

அவர் மனைவியை நாங்கள் அண்ணி என்போம். கிளப்பின் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறார். அந்த மௌனத்தில் துடைக்கிற கிளாஸோடு அப்படியே நின்றுவிடுவார். மகளுக்கு இது நிறைமாதம். துணைக்கு ஆளில்லாமல் வேறு ஊரிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள். "நான் போயிட்டா அவர் வாசிக்கறத யாரு கேப்பா?" என்பார் அண்ணி. அந்த ஊமைக் கூத்தை ஆரம்பித்த பாவிகளே நாங்கள்தானே.

போன ஞாயிறு பியானோவுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. அவளிடம் எல்லாம் சொன்னோம், டாய்லெட் தாழ்ப்பாள் சரியில்லை என்பது வரை. இதை மட்டும் சொல்ல மறந்துவிட்டோம்.

அவர் முறை வந்தது. நாங்கள் நிறுத்தினோம். அவள் நிறுத்தவில்லை. தன் இஷ்டத்துக்கு வாசிக்கவும் இல்லை. ஒருவர் ஊதும்போது கீழே தாங்கிப் பிடிப்போமே, அப்படி மெதுவாக, இடம் விட்டு விட்டு வாசித்தாள். மேடையின் காலி மூலையைப் பார்த்து நடுநடுவே தலையாட்டினாள். அங்கே ஒருவரும் இல்லை.

பாட்டு முடிந்ததும் தடியன் அவளருகே போய், "யாருக்கும்மா வாசிச்சே?" என்றான்.

"அதோ, அங்க ஊதினவருக்குத்தான்." மூலையைக் காட்டினாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க நீங்க? அவர் மூச்சு வாங்க வாங்க ஊதறாரு, துணைக்கு ஒருத்தர்கூட வாசிக்காம பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. மனுஷன் எப்படித்தான் முடிப்பாரு?"

அண்ணி கிளாஸை வைத்துவிட்டு மேடையருகே வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"ரொம்பக் களைச்சிருக்காராம்மா?"

"ஆமாங்க."

"இவ்வளவு நாளா தனியா விட்டுட்டோமேடா" என்று அண்ணி என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவை வாசிங்க. எல்லாரும் வாசிங்க. அவர் முடிச்சுக்கட்டும்."

வாசித்தோம். அவர் முறை வந்தபோது தாளத்தை விடாமல் பிடித்தேன். தடியன் அழுதுகொண்டே வாசித்தான். சத்தியமாக எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் எங்கே அடக்க வேண்டும், எங்கே ஏற்ற வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. வழக்கமான அளவைத் தாண்டியும் அவர் விடவில்லை, நாங்களும் விடவில்லை. பிறகு பியானோக்காரி மூலையைப் பார்த்துச் சிரித்தாள். எல்லோரும் கடைசிப் பகுதிக்குள் நுழைந்தோம்.

அண்ணி ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கவுண்டரில் வைத்தார். "மக கிட்ட போறேன்டா" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கைப்பையோடு நடந்தார். வாசலில் இருப்பது ஸ்பிரிங் கதவு, விட்டால் படாரென்று அடித்துக்கொள்ளும். அண்ணி வெயிலில் இறங்கி நின்று, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். பின்னால் வருகிறவர் தாண்டும்வரை பிடித்திருந்தார். அப்புறம் மெல்ல விட்டார்.